திரும்பி வர ஒரு சீட்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை. விமானப் பயணத்தில் சேர்த்த பாயிண்டுகளை எப்படிச் செலவழிப்பது என்று போனில் கேட்பவர்களுக்கு, ஒரே விஷயத்தை நாலு விதமாக, குரல் ஏறாமல் சொல்லிப் புரியவைப்பாள். அதனால் வந்த பேர்.

அவள் வேலை பார்த்த விமான நிறுவனத்தின் சொந்த விமானங்களில் சீட் வேண்டுமென்றால் ஜனங்கள் கைபேசியிலேயே போட்டுக்கொள்வார்கள். கூட்டு வைத்திருக்கும் மற்ற நிறுவனங்களின் விமானத்தில் பாயிண்டுக்கு சீட் வாங்குவதுதான் தலைவலி. அவர்கள் ஒரு விமானத்தில் இரண்டு, மிஞ்சினால் மூன்று சீட்டைத்தான் அதற்கென்று விடுவார்கள். அதைப் பிடிக்க இந்த அலுவலகத்துக்குப் போன் செய்தாக வேண்டும். நாலாவது மாடி, பன்னிரண்டு மேஜைகள். டீச்சரின் மேஜை ஜன்னலோரம். கீழே வாகன நிறுத்தம் தெரியும். ஆறு வருஷமாக அதே நாற்காலி.

பேசுகிறவர்கள் அநேகமாக ஒரே ரகம். நூறு பாயிண்ட் மிச்சமாகும் என்றால் இரண்டு ஊர் சுற்றிக்கொண்டு போகவும் தயாராக இருப்பார்கள். வவுச்சர் காலாவதியாவதற்கு முந்தின நாள் போன் செய்து உயிரை வாங்குவார்கள். இலவசமாகக் கிடைக்கும் எதையும் ஒருவரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமைவரை சொன்னதில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கப் போகிற நேரத்தில் அந்தப் போன் வந்தது. பதிவில் டாக்டர் என்று இருந்தது. முகவரி ஒரு பல் மருத்துவமனை. மென்மையான குரல். நாற்காலியில் சாய்ந்திருப்பவரிடம் வாயைத் திறக்கச் சொல்லும் குரல்.

"எனக்கு இந்த வருஷம் துணை வவுச்சர் ஒண்ணு வந்திருக்கு. அதை பார்ட்னர் ஃப்ளைட்ல போட முடியும்தானே?"

"முடியும் சார். உங்க பாயிண்ட்ல உங்களுக்கு ஒரு சீட் எடுத்தா, கூட வர்றவங்களுக்கு இன்னொரு சீட் சும்மா. எந்த ஊருக்கு சார்?"

அவர் கடல் தாண்டி ஒரு மலைநகரத்தைச் சொன்னார். நாளும் சொன்னார், இன்னும் மூன்று வாரம் இருந்தது. கூட வருவது மனைவி. டீச்சர் தேடினாள். அந்த வழியில் அப்படி சீட் கிடைப்பது குதிரைக் கொம்பு. அன்றைக்கு என்னவோ கிடைத்தது.

"நல்ல நேரம் சார். போறதுக்கும் ரெண்டு இருக்கு, பன்னெண்டு நாள் கழிச்சு வர்றதுக்கும் ரெண்டு இருக்கு. சேத்துப் போட்டுடவா?"

"போறதுக்கு ரெண்டு போடுங்க. வர்றதுக்கு ஒண்ணு. அந்த ஒண்ணை வவுச்சர்ல சேக்காம தனியா போடுங்க."

"வர்றதுக்கும் வவுச்சர் செல்லும் சார். மேடத்துக்குன்னு தனியா பாயிண்ட் போகாது."

"தெரியும்மா."

"மேடம் அங்கேயே கொஞ்ச நாள் இருக்கப் போறாங்கன்னா, இப்ப எடுத்து வச்சுட்டு அப்புறம் தேதி மாத்திக்கலாம் சார்."

"வவுச்சர்ல எடுத்தா ரெண்டு பேரும் சேந்துதானே ஏறணும்? ஒருத்தர் வரலேன்னா இன்னொருத்தர் டிக்கெட்டும் செல்லாது. அப்படித்தானே ரூல்?"

"ஆமாம் சார்."

"அதான். ஒண்ணு போதும்."

டீச்சர் போட்டாள். விவரங்களைப் படித்துக் காட்டினாள். அவர் ஒவ்வொன்றுக்கும் 'ம்' சொன்னார். வைத்துவிடுவார் என்று நினைத்தபோது கேட்டார்.

"இன்னொரு சந்தேகம். மெம்பர் ஒருத்தர் தவறிட்டா, அவங்க பாயிண்டை வீட்டுக்காரர் பேருக்கு மாத்த என்னென்ன குடுக்கணும்?"

இந்தக் கேள்வி வாரத்துக்கு ஒரு தடவையாவது வரும். அவள் பழக்கத்தில் சொன்னாள். "இறப்புச் சான்றிதழ், உறவுக்கு ஒரு சான்று. ஆறு மாசத்துக்குள்ள குடுக்கணும் சார்."

"வெளிநாட்டு சான்றிதழா இருந்தா?"

"மொழிபெயர்த்து, கையெழுத்து வாங்கிக் குடுக்கணும்."

"போன தடவை நாலு மாசம் இழுத்தடிச்சுட்டீங்க. அதான் முன்கூட்டியே கேட்டு வச்சுக்கலாம்னு. ரொம்ப தேங்க்ஸ்மா."

சாப்பாட்டு டப்பாவைத் திறந்து இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாள். அப்போதுதான் 'போன தடவை' என்ற சொல் உறைத்தது. டப்பாவை மூடிவிட்டு மேஜைக்கு வந்தாள். வாடிக்கையாளர் போனில் இல்லாதபோது அவர் கணக்கைத் திறக்கக் கூடாது என்பது விதி. யார் எப்போது எதைத் திறந்தார்கள் என்பதைக் கணினி எழுதிவைத்துக்கொள்ளும். அது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் திறந்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு துணை வவுச்சர். அதே கூட்டு நிறுவனம், அதே மலைநகரம். போக இரண்டு பேர், அவரும் அப்போதைய மனைவியும். அந்தப் பெண்ணின் பெயர் வேறு. திரும்பி வர ஒரு சீட், தனியாக. அதற்கு ஐந்து மாதம் கழித்து, 'உறுப்பினர் மறைவு' என்ற காரணத்தின் கீழ், அந்தப் பெண்ணின் கணக்கிலிருந்த பாயிண்டுகள் இவர் கணக்குக்கு மாறியிருந்தன. சான்றிதழின் நகல் அங்கேயே இணைத்திருந்தது.

அவள் அதையும் திறந்து படித்தாள். இறந்த இடம், அந்த மலைநகரம். காரணம், உயரத்திலிருந்து விழுந்தது. தேதி, அங்கே போய் இறங்கிய ஒன்பதாம் நாள். திரும்பி வரும் ஒற்றை டிக்கெட் எப்போது போடப்பட்டது என்று பார்த்தாள். புறப்படுவதற்கு ஏழு வாரம் முன்னால்.

ஒருவேளை அந்தப் பெண்ணுக்கு அங்கே தாய்வீடு இருந்திருக்கலாம். தங்கிவிட்டு வருகிறேன் என்று அவளே சொல்லியிருக்கலாம். டீச்சர் இப்படி ஒவ்வொன்றாகத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். எதுவும் ஒட்டவில்லை; எல்லாவற்றையும் அச்செடுத்துக்கொண்டு மேற்பார்வையாளரின் அறைக்குப் போனாள்.

மேற்பார்வையாளருக்கு அலுவலகத்தில் வைத்திருந்த பேர் 'சட்டம்'. அவர் முதலில் கேட்டதும் சட்டம்தான்.

"இதை எதுக்கு டீச்சர் திறந்தீங்க?"

"படிச்சுப் பாருங்க சார். அப்புறம் திட்டுங்க."

அவர் நின்றபடியே படிக்க ஆரம்பித்து உட்கார்ந்து முடித்தார். எழுந்து போய்த் தன் அறையின் கண்ணாடிக் கதவைச் சாத்தினார்.

"நாம யாரு இதுல? டிக்கெட் போடுறவங்க. ஒருத்தர் ரிட்டர்ன் எடுக்கலைன்னு போலீசுக்குப் போனா, நம்மளைப் பாத்துத்தான் சிரிப்பாங்க."

"அந்த அம்மாவுக்குத் தெரியுமான்னாவது கேக்கலாமே சார்."

"கேக்கக் கூடாது. அவர் போட்ட புக்கிங். அவர் விவரத்தை வேற யாருக்கும் சொல்லக் கூடாது. பொண்டாட்டியா இருந்தாலும் சரி." குரலைத் தாழ்த்தினார். "பயணம் பண்றவங்க அவங்களே கூப்பிட்டு, அவங்க டிக்கெட்டைப் பத்திக் கேட்டா மட்டும், அவங்களுடையதைச் சொல்லலாம். அவ்வளவுதான் ரூல்."

அவர் தலைமை அலுவலகத்துக்கு ஒரு மெயில் அனுப்பினார். மறுநாள் ஒரு வரியில் பதில் வந்தது. தகவலுக்கு நன்றி, வாடிக்கையாளர்களின் குடும்ப விஷயங்களில் நிறுவனம் தலையிடாது. அன்று மாலை டீச்சர் தன் கணவனையும் கூட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனாள். அவன் லிஃப்ட் மெக்கானிக், அதிகம் பேசாதவன். உள்ளே இருந்த எழுத்தர் முழுக்கக் கேட்டார். "நீங்க அந்தம்மாவுக்கு என்ன உறவு?" என்றார். உறவில்லை என்றதும் பேனாவை மூடினார். "அந்தம்மா வந்து சொல்லட்டும், பாக்கலாம்."

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது அவள் கணவன் சொன்னான். "அந்தம்மாவே உங்க ஆபீசுக்கு போன் பண்ற மாதிரி ஏதாவது வழி இருக்கான்னு பாரு."

வழி இருந்தது. பல் டாக்டரின் மனைவிக்கும் தனியாக ஒரு உறுப்பினர் கணக்கு இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் மருந்துக் கம்பெனி ஒன்றில் ஊர் ஊராகப் பறந்து விற்பனை பார்த்தவள். அதில் அவளுடைய சொந்த நம்பர் இருந்தது. பாஸ்போர்ட் விவரத்தைச் சரிபார்க்க எங்களைக் கூப்பிடுங்கள் என்று ஒரு வழக்கமான குறுஞ்செய்தி உண்டு, நாளைக்கு நூறு பேருக்குப் போகும். டீச்சர் அதை அனுப்பினாள். கூப்பிட்டால் என் மேஜைக்குத் தரவும் என்று கணக்கில் குறிப்பும் போட்டுவைத்தாள்.

ஒரு வாரம் ஒன்றும் வரவில்லை. இன்னும் ஒரு தடவை அனுப்பினாள். பயணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது, காலை பத்தரை மணிக்கு, பக்கத்து மேஜைக்காரி கையைக் காட்டி அழைப்பை மாற்றிவிட்டாள்.

"பாஸ்போர்ட் விவரம் வேணும்னு மெசேஜ் வந்துச்சு மேடம். நம்பர் சொல்லவா? பாஸ்போர்ட் அவர்கிட்டதான் இருக்கு, ஆனா எனக்கு மனப்பாடம்." கலகலப்பான குரல். பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம்.

டீச்சர் நம்பரை வாங்கிக்கொண்டாள். "சரியா இருக்கு மேடம். உங்க டிக்கெட்டைப் பத்தி வேற ஏதாவது தெரிஞ்சுக்கணுமா? நீங்க கேட்டா நான் சொல்லலாம்."

"எல்லாம் அவரே பாத்துக்குறார். நான் ஸ்வெட்டர் வாங்கினதோட சரி."

"சீட் எங்க வேணும்னு சொல்றீங்களா? ஜன்னலோரமா?"

"கிடைக்குமா? அப்ப ரெண்டுக்கும் ஜன்னலோரமே போட்டுடுங்க."

"ரெண்டுன்னா மேடம்?"

"போறது, வர்றது."

டீச்சர் ஒரு மூச்சு விட்டாள். "வர்ற ஃப்ளைட்ல உங்க பேர்ல எதுவும் இல்லை மேடம்."

தண்ணீர்க் குழாய் நின்றது. "நீங்க வேற யாரோடதையோ பாக்குறீங்க. பேப்பர் எடுத்துக் காட்டினாரே. ரெண்டு பேர் பேரும் இருந்துச்சு, தேதியோட."

"நீங்க போற டிக்கெட் மட்டும்தான் இருக்கு."

"அப்ப அவருக்கு?"

"அவர் விவரத்தை நான் சொல்லக் கூடாது."

இந்தப் பதிலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. டீச்சர் தலையைத் தூக்கிப் பார்த்தாள். மேற்பார்வையாளர் தன் கண்ணாடி அறைக்குள்ளிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு கோப்பை எடுத்துப் புரட்டினார்.

"மேடம், உங்க வீட்டுக்காரருக்கு இது ரெண்டாவது கல்யாணம்தானே?"

"ஆமா. முதல் சம்சாரம் கேன்சர்ல போய்ட்டாங்க. ஏன்?"

விதி என்ற ஒன்று அதோடு முடிந்தது. "நான் சான்றிதழைப் பாத்தேன். கேன்சர்னு இல்லை. உயரத்திலேர்ந்து விழுந்துன்னு இருக்கு. நீங்க இப்ப போறீங்களே, அதே ஊர்ல. அந்தத் தடவையும் திரும்பி வர்றதுக்கு ஒரு சீட்தான் போட்டிருந்தார். ஏழு வாரம் முன்னாடியே."

சொல்லக் கூடாது என்றிருந்ததை அவளே சொல்லிவிட்டதை டீச்சர் கவனித்தாள். திருத்த முயலவில்லை.

போனில் ஒரு கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் அந்த மென்மையான குரல், தூரத்திலிருந்து. "யாரும்மா போன்ல?"

"ஏர்லைன்ஸ்லேர்ந்து. பாஸ்போர்ட் நம்பர் கேக்குறாங்க," என்றாள் அவள். குரலில் ஒரு பிசிறும் இல்லை. "சரி மேடம், வச்சுடறேன்."

அதற்கப்புறம் ஐந்து நாள். டீச்சருக்கு வீட்டில் வேலை ஓடவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அந்தப் பெண் தன்னை நம்பினாளா, பைத்தியம் என்று நினைத்தாளா, அன்றைக்கே கணவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளா, எதுவும் தெரியவில்லை. சொல்லியிருந்தால் அவர் டிக்கெட்டை ரத்து செய்வார் என்று தினமும் காலையில் முதல் வேலையாகப் பார்த்தாள். ரத்தாகவில்லை. அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்றும் புரியவில்லை.

பயண நாள் மதியம் இரண்டே முக்காலுக்கு விமானம். பன்னிரண்டு மணிக்கு இருவர் பெயருக்கும் நேரே 'செக்-இன்' என்று விழுந்தது. பெட்டி இரண்டு. டீச்சர் போன் எடுப்பதும் திரையைப் பார்ப்பதுமாக இருந்தாள். ஒன்றரை, ஒன்றே முக்கால். மேற்பார்வையாளர் இரண்டு தடவை அவள் மேஜைப் பக்கம் வந்து, தண்ணீர் பாட்டிலை எடுக்கிற மாதிரி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டு பத்துக்கு அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே 'இறக்கப்பட்டது' என்று மாறியது, பயணி விமானத்தில் ஏறவில்லை என்று அர்த்தம். இரண்டு பதினெட்டுக்கு அவர் பெயருக்கு நேரேயும் அதே சொல். வவுச்சரில் எடுத்த டிக்கெட். ஒருவர் இல்லாமல் இன்னொருவர் ஏற முடியாது.

நடந்தது என்ன என்று மறுநாள் தெரிந்தது. அந்தப் பெண் தன் அண்ணன் வீட்டிலிருந்து போன் செய்து டீச்சரைக் கேட்டு வாங்கினாள். இந்தத் தடவை அக்கா என்று கூப்பிட்டாள்.

"அஞ்சு நாளும் அவர் என்னைத் தனியா விடலக்கா. நீங்க சொன்னதை நான் முழுசா நம்பவும் இல்லை. எப்பவும் போல காப்பி போட்டுக் குடுத்தேன், எப்பவும் போல ஜோக் சொன்னார். கிளினிக்குக்கும் கூடவே கூட்டிட்டுப் போனார், அங்க அவர் பேஷண்ட் பாக்கும்போது அலமாரியைத் திறந்து பாத்தேன். என் பேர்ல ஒரு இன்சூரன்ஸ், மூணு மாசம் முன்னாடி எடுத்தது. விசா பேப்பர்னு சொல்லி வாங்கின கையெழுத்து. அப்பவும் ஓடிடணும்னு தோணல, பாஸ்போர்ட்டைக் கைல வாங்கணும்னு மட்டும் தோணுச்சு. ஏர்போர்ட்லதான் குடுத்தார்."

குடியேற்றச் சோதனை வரிசையில் நிற்கும்போது அவர் அவள் காதருகே குனிந்து சொல்லியிருக்கிறார். அங்கே ஒரு இடம் இருக்கு, பாறை நுனி. அங்கேர்ந்து பாத்தா பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். உன்னை அங்க கூட்டிட்டுப் போறேன்.

"அதை அவ்வளவு ஆசையா சொன்னார்க்கா. அப்பத்தான் நீங்க சொன்னதை முழுசா நம்பினேன்."

அங்கே கவுன்ட்டருக்கு ஒவ்வொருவராகத்தான் போக முடியும். மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் மற்றவர்கள் நிற்க வேண்டும். அவர் முதலில் போனார், முத்திரை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்று இவளைப் பார்த்துக் கையசைத்தார். இவள் பாஸ்போர்ட்டை நீட்டினாள். கையை எடுக்காமல், அதிகாரிக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "நான் அந்த ஆளோட போக விரும்பல. என்னை வெளிய விட்டுடுங்க." அந்த அதிகாரி அதிகம் கேட்கவில்லை. எழுந்து பக்கத்துக் கதவைத் திறந்து அவளை உள்ளே உட்காரவைத்தார்.

"கண்ணாடி வழியா பாத்தேன். கூப்பிடவும் இல்லை, கத்தவும் இல்லை. கடைசிவரைக்கும் சிரிச்ச முகமாவே நின்னுட்டிருந்தார்."

மூன்று நாள் கழித்து, மாலை நாலு மணிக்கு, டீச்சர் ஒரு அழைப்பை எடுத்தாள்.

"என் வவுச்சர் வீணாப் போச்சு. மறுபடியும் வரவு வைக்க முடியுமா?"

அதே மென்மையான குரல். சொல்ல வேண்டியதைச் சொன்னாள். "செக்-இன் ஆனதுக்கு அப்புறம் முடியாது சார்."

"பரவாயில்லை. அடுத்த வருஷம் இன்னொண்ணு வரும்." காகிதம் புரளும் சத்தம். "நீங்கதான் அன்னிக்கு என்கிட்ட பேசினவங்க. பொறுமையான குரல், மறக்காது. என் வொய்ஃப் போன்லேர்ந்து உங்க ஆபீசுக்கு ஒரு கால் போயிருக்கு. ஏழு நிமிஷம். பாஸ்போர்ட் நம்பர் சொல்ல ஏழு நிமிஷமா?"

"வேற ஏதாவது உதவி வேணுமா சார்?" அதுவும் பழக்கத்தில் வந்ததுதான்.

"ஒண்ணும் வேண்டாம். உங்களை நேர்ல ஒரு தடவை பாக்கணும்னு ஆசை. கீழதான் நிக்கிறேன். எந்த ஜன்னல்னு தெரியல, அதான் எண்ணிட்டிருக்கேன்."

டீச்சர் திரும்பிப் பார்த்தாள். வாகன நிறுத்தத்தில், ஒரு சாம்பல் நிறக் காரின் பக்கத்தில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ஒருவர் போனைக் காதில் வைத்தபடி நின்றிருந்தார். முகம் கட்டடத்தைப் பார்த்து இருந்தது. ஒவ்வொரு மாடியாக மேலே ஏறி வந்தது. நாலாவது மாடிக்கு வந்து நின்றது.

அவளால் நாற்காலியை விட்டு நகர முடியவில்லை. யாரோ பின்னாலிருந்து கையை நீட்டி ஜன்னல் திரையை இழுத்து மூடினார்கள். மேற்பார்வையாளர். அவள் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி, அழைப்பைத் துண்டித்தார். காவலாளியைக் கீழே அனுப்பினார். காவலாளி போய்ச் சேர்வதற்குள் கார் புறப்பட்டுவிட்டது. அன்று மாலை டீச்சரின் கணவன் வரும்வரை அவர் வீட்டுக்குப் போகாமல் அவளுக்குக் காவல் இருந்தார்.

அடுத்த வாரம் அதே கையால் அவர் அவளுக்கு வேலைநீக்க உறையைக் கொடுத்தார். அனுமதியில்லாமல் கணக்கைத் திறந்தது, மூன்றாம் நபருக்கு விவரம் சொன்னது. பல் டாக்டர் புகார் எழுதியிருந்தார், எழுத்துப் பிழையில்லாமல், மரியாதையாக.

"நீங்க அந்தம்மாகிட்ட பேசினது எதுவும் என் காதுல விழலைன்னுதான் எழுதிக் குடுத்தேன். உங்களுக்காக அவ்வளவுதான் முடிஞ்சுது," என்றார். "பொய் எழுதினது இதான் முதல் தடவை."

"தெரியும் சார்," என்றாள் டீச்சர். தன் குவளையையும் ஸ்வெட்டரையும் எடுத்துக்கொண்டு பின்பக்கப் படி வழியாக இறங்கினாள்.

பல் டாக்டரின் மனைவியும் அவள் அண்ணனும் கொடுத்த புகார் ஒரு பெண் இன்ஸ்பெக்டரிடம் வந்து சேர்ந்தது. அவள்தான் முதல் மனைவியின் அப்பாவைத் தேடிப் பிடித்தவள். மகள் கால் தவறி விழுந்துவிட்டாள் என்று மூன்று வருஷமாக நம்பிக்கொண்டிருந்தவர் அவர். அந்தப் பெண்ணின் பெயரிலும் ஒரு காப்பீடு இருந்தது. பணத்தை மாப்பிள்ளை வாங்கியிருந்தார் என்பதே அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் டீச்சரை வரச் சொல்லியிருந்தாள். சின்ன அறை, மேஜைக்கு மேலே ஒரு பழைய மின்விசிறி. டீச்சரின் கணவன் வேலை உடுப்போடேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி பேசினதோட ஒலிப்பதிவு இல்லை. தொண்ணூறு நாள்ல அழிச்சிடுவாங்களாம்," என்றாள் இன்ஸ்பெக்டர். "இந்தத் தடவை பேசினது இருக்கு. ஆனா கோர்ட் உத்தரவு இல்லாம தர மாட்டோம்ங்கிறாங்க. அந்த உத்தரவு வாங்கணும்னா, இலவச சீட்டை அந்த ஆள் வேணாம்னு சொன்னதை யாராவது சாட்சி சொல்லணும். உங்களைத் தவிர ஆள் இல்லை."

"சொல்றேன்."

மூன்று பக்கம் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். டீச்சர் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஒரு இடத்தில் பத்து நாள் என்று இருந்ததைப் பன்னிரண்டு என்று திருத்தச் சொன்னாள். முதல் பக்கத்தின் மேலே அவள் பெயர், கணவன் பெயர், வீட்டு எண், தெரு, மாடி.

"இதோட காப்பி அவருக்குப் போகுமா?"

"அவர் வக்கீலுக்குப் போகும். போய்த்தான் ஆகணும்." இன்ஸ்பெக்டர் அவளை நேராகப் பார்த்தாள். "அவர் பாஸ்போர்ட்டை வாங்கி வச்சாச்சு. அதுக்கு மேல இப்போதைக்கு என்னால ஒண்ணும் செய்ய முடியாது. கிளினிக் திறந்துதான் இருக்கு. தினமும் பேஷண்ட் பாத்துட்டிருக்கார்."

"முகவரியை மட்டும் விட்டுட முடியாதா?"

"முடியாதும்மா. வேணும்னா யோசிச்சுட்டு நாளைக்கு வாங்க. நான் கட்டாயப்படுத்த மாட்டேன்."

டீச்சர் கணவனைப் பார்த்தாள். அவன் காகிதத்தைப் பார்க்கவில்லை, அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "உன் இஷ்டம்," என்றான். சற்றுப் பொறுத்து, "எப்படியும் அந்த ஆள் ஜன்னலை எண்ணி முடிச்சாச்சு," என்றான்.

அவள் மூன்று பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள். மூன்றாவது பக்கத்தில் பேனா எழுதவில்லை. இன்ஸ்பெக்டர் தன் சட்டைப் பையிலிருந்து வேறொன்றை எடுத்துக் கொடுத்தாள்.

திரும்பி வரும் வழியில் இரும்புச் சாமான் கடையில் வண்டியை நிறுத்தினான். கனமான தாழ்ப்பாள் ஒன்றும், கதவுக்கு ஒரு சங்கிலியும், அரை கைப்பிடி திருகாணியும் வாங்கினான். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கூட மாற்றாமல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு துளை போட ஆரம்பித்தான். மாடிப்படியில் இன்னும் வெயில் இருந்தது. அவள் உள்ளங்கையில் திருகாணிகளை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். கீழே யாரோ படியேறி வரும் சத்தம் கேட்டது. நிதானமான காலடி. அவன் துளையிடுவதை நிறுத்தினான். இருவரும் பேசாமல் கேட்டார்கள். காலடி இரண்டாவது மாடியில் நின்றது, ஒரு சாவி திரும்பியது, ஒரு கதவு சாத்திக்கொண்டது.

"இன்னொண்ணு குடு," என்று அவன் கையை நீட்டினான்.